ஆஹா மூஞ்சி

— அந்த வீடியோவை இன்னொரு தரம் போடுடா தம்பி. முட்டையை வாயில வைக்கிறாரு பாரு, அந்த இடத்தை மட்டும்.

— எத்தனை தரம்க்கா பாப்பே? காலையிலேருந்து ஊரே இதைத்தான் பாத்துட்டு இருக்கு. இந்தா. வெள்ளைத்தொப்பி முட்டை வறுவலை நீட்டுறாரு. மாமா வாங்குறாரு. வாயில வைக்கிறாரு. அவ்வளவுதான், மாமா மூஞ்சி செத்துப்போச்சு.

— வந்துட்டீங்களா? ஏங்க, இது என்னங்க மூஞ்சி? நாலு வருஷமா டிவியில அந்த வெள்ளைத்தொப்பி எதைச் சமைச்சு நீட்டினாலும், கண்ணை மூடி, புருவத்தைத் தூக்கி, தலையை ஆட்டி ஆஹாங்கிறதுதானே உங்க வேலை? இன்னைக்கு மட்டும் என்ன வந்துச்சு? கேக்கிறேன்ல?

— என்னத்தைச் சொல்ல. செருப்பைக் கழட்ட விடும்மா முதல்ல.

— லைவுங்க! எழவு வீட்டுல உக்காந்த மாதிரி உக்காந்திருக்கீங்க. இதெல்லாம் வீட்டுலதான் பண்ணுவீங்கன்னு நெனச்சேன். என் சோத்தைச் சுண்ணாம்புச் சுவரை மெல்ற மாதிரிதானே மெல்லுவீங்க? கல்யாணப் படத்துலயே இந்த லட்சணம்தான். மாப்பிள்ளையை அடிச்சா கூட்டிட்டு வந்தீங்கன்னு வர்றவங்க போறவங்க எல்லாம் கேட்டதாலதானே அதை பீரோவுக்குப் பின்னாடி தள்ளினேன்.

— மாமா, வெள்ளைத்தொப்பி கதை முடிஞ்சுது. ஆஹாக்காரரே அடங்கிட்டாரு, முட்டையில என்ன இருந்துச்சுன்னு ஊரே கேக்குது. எங்க வண்டி ஷெட்டுக்கு எதிர்க்கடையில, அந்தாளு பேர் போட்ட வாணலியைத் திருப்பிக் குடுக்க வரிசை தெருமுனை வரைக்கும் நிக்குது. நானே என் வாணலியைக் குப்பையில போட்டுட்டேன்.

— போன வாரம்தானேடா அதைக் குழந்தை மாதிரி மடியில வச்சுட்டு வந்தே?

— அது போன வாரம்க்கா. அன்னிக்கு ஊரே அவரைக் கொண்டாடுச்சு.

— மச்சான், ஓடிப்போய் அந்த வாணலியை எடுத்துட்டு வா. அந்த மனுஷன் தெய்வம்யா. நெசமாவே சமைக்கத் தெரிஞ்ச மனுஷன்.

— இதென்ன புதுசா? சமைக்கத் தெரியாமலா நாலு வருஷமா டிவியில நிக்கிறாரு?

— நேத்து வரைக்கும் தெரியாதுன்னுதான் நெனச்சிட்டு இருந்தேன்.

— என்னது? அவர் சொன்னாருன்னு உப்பைக்கூட ரெண்டு விரல்ல தூவிட்டு இருக்கேன் நான்! நீங்க ஆஹான்னு தலையாட்டினதைப் பாத்துத்தானேங்க அவர் பேச்சையே கேட்டேன்?

— வெளிய சொல்லக்கூடாதுன்னு கையெழுத்து வாங்கிட்டாங்கம்மா. அங்க தட்டுல வர்றது சாப்பாடே இல்லை. முந்தாநாள் வெந்தது. மினுமினுன்னு தெரியணும்னு மேல வார்னிஷ் அடிப்பாங்க. பாலுக்குப் பதிலா பசை ஊத்துவாங்க. ஆவி பறக்கணும்னு தட்டுக்கு அடியில சூடா ஈரப்பஞ்சு. அதைத்தான் நான் வாயில போட்டுட்டு…

— ஆஹான்னீங்க.

— எங்க ஆஹான்னேன்? வாந்தியை அடக்குனேன். அங்க நான் சோபாவும் விளக்கும் தூக்கிட்டுத் திரிஞ்ச காலம் ஞாபகம் இருக்கா? ஒரு நாள் பசி தாங்கல. யாரும் பாக்கலைன்னு ஒரு துண்டை எடுத்து வாயில போட்டேன். எதிர்ல டைரக்டர். துப்பவும் முடியல, முழுங்கவும் முடியல. கண்ணு தானா இறுக்கி மூடிக்கிச்சு, புருவம் மேல ஏறிச்சு, தலை இப்படியும் அப்படியும் ஆடுச்சு. டைரக்டர் கையைத் தட்டிட்டாரு. "இந்த மூஞ்சியைத்தான்யா தேடிட்டு இருந்தேன்"னாரு. அன்னிக்கு எறக்கி வச்ச சோபாதான், அப்புறம் தூக்கவே இல்லை.

— அடக் கொடுமையே! ஊருக்கே அந்த மூஞ்சியைப் பாத்துத்தானே மாமா எச்சில் ஊறிச்சு?

— திருட்டுப் பய. நாலு வருஷமா என் புருஷனுக்கு வார்னிஷ் ஊட்டியிருக்கான்! தம்பி, என் வாணலியையும் எடுத்துட்டுப் போய் அந்த வரிசையில நில்லு.

— இரும்மா, முழுசாக் கேளு. இன்னைக்கு அந்த வார்னிஷ் தட்டைத் தூக்கிட்டு வந்த பொண்ணு வயர் தடுக்கி விழுந்துட்டா. தட்டு போச்சு. கேமரா ஓடிட்டே இருக்கு. வெள்ளைத்தொப்பி என்னைப் பாத்தாரு, நான் அவரைப் பாத்தேன். மனுஷன் தொப்பியைக் கழட்டி வச்சுட்டு, ரெண்டு முட்டையும் ஒரு வெங்காயமும் எடுத்தாரு. அங்கேயே நின்னு சமைச்சாரு பாரு. வாயில வச்சேன். என்னத்தைச் சொல்ல. அப்படியொரு முட்டை.

— அப்ப ஆஹான்னு காட்ட வேண்டியதுதானே?

— வாந்தி வரலையேம்மா, எதை அடக்குறது?

— போச்சு! அப்ப வெள்ளைத்தொப்பி நல்லவரா? என் வாணலியைக் குப்பை வண்டி அள்ளிட்டுப் போயிருக்குமே!

— நாளைக்குப் பத்து மணிக்கு மறுபடி லைவ் வச்சிருக்காங்க. ஊர் வாயை மூடணுமாம். இனிமே நெசமாத்தான் சமைப்பேன்னு வெள்ளைத்தொப்பி ஒத்தக்கால்ல நிக்கிறாரு. நான் தின்னுட்டு ஊர் நம்புற மாதிரி காட்டணும். இல்லேன்னா அவர் நிகழ்ச்சியும் காலி, நானும் பழையபடி சோபா தூக்கப் போகணும்.

— இந்த முட்டியை வச்சுக்கிட்டா? மாடிப்படி ஏறவே உங்களுக்குப் பாதி நாள் ஆகுது!

— மாமா, கடைவாயில ஒரு சோப்புத் துண்டு ஒதுக்கிக்கங்க. மூஞ்சி தானா வரும்.

— நுரை தள்ளினா விஷம்னு முடிவே கட்டிடுவாங்கடா. அதெல்லாம் வேணாம். பழகினா வராதது எது? உக்காருங்க இப்படி. உருளைக்கிழங்கு வறுவல் இருக்கு, அதை வச்சுப் பழகுங்க. தம்பி, ஃபோன்ல எடுடா.

— எடுக்கிறேன். ம்… மாமா, மெல்லுங்க. அப்படியே புருவத்தைத் தூக்குங்க.

— தூக்கிட்டுத்தானே இருக்கேன்.

— எங்க தூக்குறீங்க? தொங்குது. கன்னம் ரெண்டும் நனைஞ்ச கோணி மாதிரி இறங்கிப்போச்சு.

— அக்கா, கண்ணைப் பாரு. வண்டியைத் தவறவிட்டவன் மாதிரி எங்கேயோ வெறிக்குது.

— அதானே! என் சமையல்னா மட்டும் இப்படித்தான். பதினோரு வருஷமா பாக்கிறேன்ல? குடுங்க தட்டை.

— தட்டை விடும்மா. இன்னும் ரெண்டு துண்டு இருக்கு.

— பிடிக்காததை எதுக்குங்க திங்கணும்?

— யாரு பிடிக்கலைன்னா?

— உங்க மூஞ்சி சொல்லுதுல்ல!

— அக்கா, இரு. கத்தாதே. இது இப்ப நான் எடுத்தது. இது காலையில அந்த முட்டைக்கு வந்தது. ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பாரு.

— குடு… அதே கோணி. அதே வெறிப்பு. ஏங்க, என்னங்க இது?

— எனக்கென்ன தெரியும்? நல்லா இருந்துச்சுன்னா மூஞ்சியை யாரு கவனிக்கிறா?

— பதினோரு வருஷம்! நல்லா இருக்குன்னு ஒரு வார்த்தை வாயைத் திறந்து சொல்லக்கூடாது?

— வாயில சோறு இருந்துச்சும்மா.

— அதெல்லாம் சரி மாமா, நாளைக்கு என்ன பண்ணுவீங்க? அவர் நெசமாச் சமைச்சா, உங்களுக்கு இந்த எழவு மூஞ்சிதானே வரும்?

— வரட்டும். தம்பி, அந்த பீரோவை நகர்த்து. கல்யாணப் படத்தை எடு. ஏங்க, நாளைக்கு முட்டையைத் தின்னு முடிச்சதும் இதைக் கேமராவுக்கு நேராத் தூக்கிப் பிடிங்க. எனக்குப் பிடிச்சுப்போனா மூஞ்சி இப்படித்தான் ஆகும்னு ஊருக்கே சொல்லுங்க.

— இரு, ஒட்டடையைத் துடைக்கிறேன். அட, அச்சு அசல் அதே கன்னம்க்கா! எங்கேயோ வெறிக்கிறாருன்னு நெனச்சேன். இல்ல, உன்னைத்தான் பாத்துட்டு நிக்கிறாரு. ஆனா ஊரு நம்பாதுக்கா. கல்யாண விருந்து நல்லா இருந்திருக்கும், அந்த ருசியில விழுந்த மூஞ்சின்னுடுவாங்க.

— எப்படிடா சொல்லுவாங்க? இந்தப் படம் எடுத்தப்ப இவர் இன்னும் பந்தியிலயே உக்காரலை.