பிரதி ஓய்வெடுத்த காலை

பிறரைக் காத்திருக்க வைப்பது எனக்குப் பிடிக்காது. பேருந்தில் ஏறும்போதே சில்லறையை உள்ளங்கையில் வைத்திருப்பேன். வேலை முடிந்து போகும் கணினி மாலை வகுப்பில் ஒரு சந்தேகம் வந்தால், கேட்டால் மற்றவர்கள் நேரம் வீணாகுமோ என்று யோசித்துப் பெரும்பாலும் கேட்காமலே வந்துவிடுவேன். இந்த மருத்துவமனையில் நான் பார்த்துக்கொள்ளும் தரவுத்தள சர்வரை என்ன செய்தேன் என்று கேட்கிறீர்கள். காரணம் அதுதான். வேறு காரணம் தேடினால் உங்களுக்குத்தான் அலைச்சல்.

சர்வர் என்று ஒருமையில் சொல்கிறோம், உண்மையில் இரண்டு. முதன்மை சர்வரில் மருத்துவர்களும் செவிலியர்களும் பதிவு செய்வார்கள். ஒவ்வொரு பதிவும் அடுத்த கணமே பக்கத்தில் உள்ள இயந்திரத்துக்குப் போய்ச் சேரும். அதற்குப் பிரதி என்று பெயர். மருந்தகத்திலும் வார்டுகளிலும் உள்ள திரைகள் பிரதியிலிருந்துதான் படிக்கும். நோயாளியின் எண்ணைத் தட்டினால் அவருடைய விவரம் வரும். ஏதாவது மருந்து அவருக்கு ஒத்துக்கொள்ளாது என்றால் மேலே சிவப்புப் பட்டை வரும். பட்டை இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் எல்லோரும் மருந்தைக் கையில் எடுப்பார்கள்.

பிரதி மெதுவாக ஓடியது. மருந்தகப் பொறுப்பாளரைப் பீரங்கி என்பார்கள். அவருக்குத் தொலைபேசி தேவையில்லை. இரண்டு சுவர் தாண்டி என் அறைக்குக் கேட்கும்.

"என்னம்மா ஆமை, உன் சர்வர் எழுந்துடுச்சா, இல்ல இன்னும் பல்லு வெளக்கிட்டு இருக்கா?"

"பார்த்துட்டே இருக்கேன் சார்."

"நீ பார்த்துட்டே இருந்தா அது ஓடுமா? ஆமை புகுந்த வீடு உருப்படாதுன்னு சும்மாவா சொன்னாங்க."

மருந்துக்கு வரிசையில் நின்றவர்களும் சிரித்தார்கள். வலியோடு நின்றவர்கள் என்பதால் நான் அதைத் தவறாக எடுத்துக்கொள்ளவில்லை.

முறைப்படிதான் வேலை செய்தேன். முதலில், பிரதியிடம் கேட்கப்படும் ஒவ்வொரு கேள்வியையும், பதில் சொல்ல அது எடுத்துக்கொண்ட நேரத்தையும் அதுவே எழுதி வைக்கும்படி அமைத்தேன். அளக்காமல் எதையும் மாற்றக்கூடாது என்பது வகுப்பில் சொல்லிக்கொடுத்த பாடம். பிறகு நினைவகத்தைக் கூட்டினேன். பயனில்லை. தேடலை விரைவாக்கும் அட்டவணைகளைச் சேர்த்தேன். சிறிது தேறி, மறுபடி படுத்துக்கொண்டது. இணைப்புகளைக் குறைத்தேன், பீரங்கியின் திரை அடியோடு நின்று போனது. ஒவ்வொன்றையும் பழையபடி மாற்றினேன். பழைய நிலைக்கு வந்தபின் பழைய வேகம்கூட இல்லை. என் தவறாகத்தான் இருக்கும் என்று எல்லாவற்றையும் முதலிலிருந்து சரிபார்த்தேன். "வீட்டுல கரண்டி காணாமப் போனாக்கூட நீதான் எடுத்தேன்னு நெனப்படி" என்று அக்கா சொல்வாள். என் சுபாவம் அப்படி.

ஒரு காலை இரண்டு சர்வர்களுக்கும் இடையே இருந்த தொடர்பு தானாக அறுந்தது. புதிய பதிவுகள் பிரதிக்கு வருவது நின்றது. உடனே அது பறக்கத் தொடங்கியது. என் அறையில் மின்விசிறி ஓடும் சத்தம் அன்றுதான் முதன்முதலில் என் காதில் விழுந்தது. அந்தப் பக்கம் யாரும் கத்தவில்லை. நெரிசல் தீர்ந்ததும் தொடர்பைச் சேர்த்தேன். விட்டுப்போன பதிவுகளைப் பிரதி தானே எடுத்துக்கொண்டது.

மறுநாள் காலை நானே தொடர்பை அறுத்தேன்.

பிறகு தினமும் காலையில் நெரிசல் தீரும்வரை. அதற்கு ஓய்வு என்று பெயர் வைத்திருந்தேன். ஓய்வு நேரத்தில் புதிதாகச் சேர்ந்த நோயாளிகளின் எண் திரையில் வராது. அவர்களுக்குக் கையால் எழுதிக் கொடுக்கும் வழக்கம் மருந்தகத்தில் முன்பே உண்டு. மற்றவர்களின் விவரம் வரும், அன்று காலைவரை இருந்தபடி. பட்டை இல்லாதவருக்கு அதற்குப் பிறகு பட்டை போட்டால் தெரியாது. இது எனக்குத் தெரியும். தெரியாது என்று சொன்னால் நான் படித்த படிப்புக்கு அவமானம்.

"ஆமை ராக்கெட் ஆயிடுச்சுப்பா" என்று பீரங்கி எல்லோரிடமும் சொன்னார்.

தையல்காரரைப் பற்றிக் கேட்டீர்கள். அறுவைச் சிகிச்சை வார்டில் ஜன்னலோரப் படுக்கையில் இருந்தார். அங்கே கேபிள் மாற்றப் போனபோது என்னைக் கூப்பிட்டார். "உன் சட்டையில தோள் ஒரு விரல் எறங்கியிருக்கும்மா. தெச்சவன் அவசரக்காரன். நான் வீட்டுக்குப் போனதும் கொண்டா, பிரிச்சுத் தர்றேன்." சரி என்றேன்.

நீங்கள் விசாரிக்கும் அந்த நாளன்று, மாலை வகுப்பில் நான் ஒரு வரைபடம் காட்ட வேண்டியிருந்தது. உண்மையான சர்வர் ஒன்று நெரிசல் நேரம் முழுவதும் எவ்வளவு வேகமாகப் பதில் சொன்னது என்ற கோடு. அன்று காலை கோடு மேடு பள்ளமில்லாமல் போய்க்கொண்டிருந்தது. அப்போது அந்த வார்டின் மூத்த செவிலியர் தொலைபேசியில் அழைத்தார்.

"ஏம்மா, நம்ம தையல்காரருக்கு அந்த ஊசி ஒத்துக்கல, உடம்பெல்லாம் தடிச்சுப்போச்சு. அப்பவே கம்ப்யூட்டர்ல ஏத்திட்டேன். செவப்புப் பட்டை இன்னும் காட்டலையே?"

"வந்துடும் சிஸ்டர்."

"எனக்கு டியூட்டி முடிஞ்சுடுச்சு. அடுத்து வர்ற பொண்ணு புதுசு, தெரையைத்தான் நம்பும். நான் நின்னு சொல்லிட்டுப் போகட்டுமா?"

"நீங்க கெளம்புங்க சிஸ்டர். இதோ வந்துடும்."

தொடர்பைச் சேர்க்க ஒரே ஒரு கட்டளை போதும். தட்டச்சு செய்தும் வைத்துவிட்டேன், பொத்தானை அழுத்தவில்லை. அழுத்தினால் தேங்கிய பதிவுகளெல்லாம் ஒரே மூச்சில் வந்து விழும், கோடு எகிறும், பீரங்கி கத்துவார், வரிசை நிற்கும். நெரிசல் கொஞ்சம் குறையட்டும் என்று நினைத்தேன். மருந்துக்கு நின்ற அத்தனை பேரையும் ஒருவருக்காக நிறுத்துவது நியாயமா என்றும் யோசித்தேன்.

வேறொரு மருத்துவர் வார்டைச் சுற்றி வந்து, தையல்காரருக்கு மறுவேளையும் அதே ஊசி என்று எழுதினார். அவரும் பார்த்தது திரையைத்தான். திரையைப் பார்த்துவிட்டுப் புதிய செவிலியர் ஊசியைப் போட்டார்.

மாடியில் காலடிகள் ஓடும் சத்தம் கேட்டது. நெரிசலும் அநேகமாக ஓய்ந்திருந்ததால் அப்போது பொத்தானை அழுத்தினேன். கொஞ்ச நேரத்தில் தையல்காரரின் பெயருக்கு மேல் சிவப்புப் பட்டை வந்தது, முதல்நாளிலிருந்தே அங்கே இருந்ததைப் போல. அவர் பிழைக்கவில்லை. விசாரித்தவர்கள் அந்தப் பட்டையைத்தான் பார்த்தார்கள். புதிய செவிலியர் பட்டையைக் கவனிக்கவில்லை என்று எழுதி, அந்தப் பெண்ணை வீட்டுக்கு அனுப்பினார்கள். பட்டை எப்போது வந்தது என்று என்னிடம் கேட்டார்கள். உடனே வந்துவிட்டது என்றேன். படியில் உட்கார்ந்து அவள் அழுததை நான் பார்த்தேன். என்னைப் போலவே அவளும் தன் மேல்தான் சந்தேகப்பட்டாள்.

சொல்லாமலே இருந்திருப்பேன். ஆனால் நேற்று வெளியிலிருந்து ஒரு நிபுணரை அழைத்து வந்தீர்கள். அவர் என் நாற்காலியில் உட்கார்ந்து, கேள்விகளை எழுதி வைக்கும்படி நான் முதலில் போட்ட அமைப்பை நிறுத்தினார். அவ்வளவுதான். தொடர்பு அறுபடாமலே பிரதி பறந்தது. எழுதி எழுதியே அதன் வட்டு திணறியிருக்கிறது. "அளக்க வெச்சதையே அணைக்க மறந்துட்டாங்க போல" என்று சிரித்தார். எல்லாவற்றையும் சந்தேகப்பட்டேன், அளவுகோலை மட்டும் சந்தேகப்படவில்லை. அந்தச் சிரிப்புக்குப் பிறகு என்னால் தூங்க முடியவில்லை. அதனால்தான் வந்தேன்.

எழுதிக்கொள்ளுங்கள். தொடர்பை அறுத்தவள் நான். தெரிந்தே சேர்க்காமல் இருந்தவளும் நான். அந்தப் பெண்ணை வேலைக்குத் திரும்பக் கூப்பிடுங்கள்.

ஆனால் இதையும் சேர்த்து எழுத வேண்டும். அன்று மருந்தகத்தில் நீளமான வரிசை. தையல்காரரின் சீட்டு உள்ளே போனது, எண்ணைத் தட்டினார்கள், இமைப்பதற்குள் விவரம் வந்தது, ஊசி மருந்து வெளியே போனது. நான் யாரையும் காத்திருக்க வைக்கவில்லை.