பாப்பாவோட ரூமுக்கு வந்த மெஷின்

நாங்க வாயக் கட்டினா அது வளரும், நாங்க வயிறாரச் சாப்பிட்டா அது இளைக்கும். அது என்ன, சொல்லுங்க தம்பி? கடனா? நல்லாச் சொன்னீங்க போங்க. இந்தப் பட்டறைதான்.

மெஷின மாட்டியாச்சு, ஓட்டப்போற ஆளுக்குச் சொல்லிக் குடுத்துட்டுக் கிளம்பணும்னு பாக்குறீங்க. புரியுது. டீ ஆறுது, குடிங்க.

மொதல்ல எங்ககிட்ட ஒரு கை பிரஸ்தான். எங்க வீட்டுக்காரர் கைப்பிடிய இழுப்பாரு, நான் தகட்ட நகத்துவேன். கதவுக்குப் போடுற கீலு. சின்னக் கடைக்காரங்க மட்டும் வாங்குவாங்க. வந்த லாபத்துல ஒரு நல்ல துணிகூட எடுக்கல, மோட்டார் பிரஸ் வாங்கினோம். உடனே பீரோ செய்யிற கம்பெனி தேடி வந்துச்சு. சரி, இந்த லாபத்துலயாவது பிரிட்ஜ் வாங்கலாம்னேன். அவர் சிரிச்சாரு. பிரிட்ஜு சும்மா நின்னு கரண்டைத் தின்னும், மெஷினு குட்டி போடும்னாரு. பொய்யில்ல. இப்ப பிரிட்ஜ் கம்பெனிக்காரனே நம்ம கீலைக் கேக்குறான். என்ன, முடியளவுகூடப் பிசகக் கூடாதாம். மோட்டார் பிரஸ்ல அது நடக்காது. அதான் இந்தக் கம்ப்யூட்டர் மெஷின். சரக்குத் தரேன்னு வாக்கும் குடுத்தாச்சு.

இந்த இடமா? இது எங்க பாப்பாவோட ரூமு. ஒரே பொண்ணு. ரூமுன்னா பெருசா இல்ல, ஒரு கட்டிலு, ஒரு சன்னலு. செவுத்த இடிக்கும்போது அவளே கட்டிலக் கழட்டி வெளிய வெச்சா. இந்த மெஷின ஓட்டத்தான் அவளப் படிக்க வெச்சோம். எங்க ரெண்டு பேருக்கும் அந்தத் திரையில வர்றது ஒண்ணும் புரியாது.

இல்ல தம்பி, போன் போட வேணாம். எடுக்க மாட்டா. வேலை நேரம்.

போன வாரம் சாப்பிடும்போது கேட்டா, அம்மா, இதுல எனக்கு என்ன சம்பளம்னு. நாங்க ரெண்டு பேரும் சிரிச்சிட்டோம். இந்த வீட்டுல யாரு சம்பளம் வாங்கினா? நான் வாங்கினேனா, இல்ல அவர்தான் வாங்கினாரா? எல்லாம் உனக்குத்தானேடி, உனக்கு எதுக்குச் சம்பளம்னேன். அவ சிரிக்கல. தட்டக் கழுவி வெச்சிட்டுப் போய்ப் படுத்துட்டா. கட்டில் இல்லையே, மோட்டார் பிரஸ் பக்கத்துல பாயி.

நீங்க எவ்வளவு நேரம்தான் காத்திருப்பீங்க. அவ வரமாட்டா தம்பி. மெயின் ரோட்டுல பெரிய கம்பெனி இருக்குல்ல, அங்க சேந்துட்டா. மாசச் சம்பளம். அங்கயும் இதே மெஷின்தான் ஓட்டுறா.