வெட்டுப்படாத தகடு

பீரங்கி வண்டியின் மேல் ஏறிப் படம் எடுத்துக்கொள்பவர்கள் எல்லோரும் ஒரே மாதிரிதான் நிற்கிறார்கள். ஒரு கால் வண்டியின் மூக்கில், ஒரு கை இடுப்பில், எதிரிப் படையை இப்போதுதான் விரட்டிவிட்டு வந்ததுபோல முகத்தில் ஒரு மிதப்பு. வீட்டில் பல்லி விழுந்தால் கட்டில் மேல் ஏறிக்கொள்கிற ஆட்கள். இவர்களைப் பார்த்துப் பார்த்தே எனக்கு மனிதர்கள் மேல் இருந்த மரியாதை கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்துபோயிற்று. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு என்னைத் திடீரென்று புத்தி பேதலித்தவன் என்று நீங்கள் எழுதிவிடக் கூடாது.

நகராட்சியில் நினைவுச்சின்னங்களுக்கு நான்தான் மேற்பார்வையாளர். ஓடாத கடிகாரக் கோபுரம் ஒன்று, மூக்கு உடைந்த சிலைகள் சில, அப்புறம் ரயில் நிலையத்துக்கு எதிரே சதுக்கத்தில் நிற்கும் பீரங்கி வண்டி. கோபுரமும் சிலைகளும் எக்கேடு கெட்டாலும் எனக்கு ஒன்றுமில்லை. வண்டி அப்படியல்ல. அது போருக்குப் போய், அடிபட்டு, தன் காலிலேயே திரும்பி வந்த வண்டி. இடது பக்கத் தகட்டில் எதிரியின் குண்டு பட்டுத் துளைக்க முடியாமல் வழுக்கிக்கொண்டு போன தடம் இருக்கிறது. விரலை வைத்தால் அதில் பாந்தமாக உட்காரும். தினமும் காலையில் ஒரு முறை அதைத் தடவிவிட்டுத்தான் அலுவலகம் போவேன். வேறு எதைத் தொட்டும் எனக்கு அப்படி மனசு நிறைந்ததில்லை. என் மனைவி இதைக் கேட்டால் வருத்தப்படுவாள், ஆனாலும் அதுதான் உண்மை.

ஊர் அந்த வண்டியை என்ன செய்தது என்று நீங்களும் பார்த்திருப்பீர்கள். நீங்களே செய்தும் இருக்கலாம், நான் கேட்கவில்லை. பீரங்கிக் குழாய்க்குள் காலி பாட்டில்கள். சக்கரச் சங்கிலிக்குப் பின்னால் மறைவாக ஒதுங்குகிறவர்கள். காதலர்கள் ஆணியால் தங்கள் பெயர்களைக் கீறினார்கள். காதல் அடுத்த மழைக்குக்கூடத் தாங்கியிருக்காது, கீறல்தான் துருப்பிடித்து நிலைத்தது. தேர்தல் வந்தால் சுவரொட்டி. வருடத்துக்கு ஒரு நாள் பெரியவர்கள் வந்து மலர்வளையம் வைத்து, கண் கலங்கி, காரில் ஏறிப் போய்விடுவார்கள். அந்த வளையம் அங்கேயே அழுகும். அதை எடுத்துப் போடுவதும் நான்தான்.

பராமரிப்பு வேலையை எடுத்திருந்தவன் என் மச்சினன், மனைவியின் தம்பி. அவள்தான் பிடிவாதம் பிடித்து அவனை என் தலையில் கட்டினாள். ஊரில் அவனுக்குப் பளபளா என்று பெயர். எதைக் கொடுத்தாலும் மேலே பெயிண்ட் அடித்துப் பளபளவென்று ஆக்கிவிடுவான், அதனால். துருவைச் சுரண்ட மாட்டான், பிரைமர் அடிக்க மாட்டான். துருவின் மேலேயே, செத்த பூச்சியின் மேலேயே, கிளிப்பச்சை எனாமலை இழுத்துவிடுவான். போர் வண்டிக்குக் கிளிப்பச்சை. கேட்டால் ஜனங்களுக்குப் பிடிக்கும் என்பான். அதுவும் சரிதான், ஜனங்களுக்குப் பிடித்துத்தான் இருந்தது.

வண்டியின் அடித்தட்டில் தண்ணீர் வடிவதற்கு ஓட்டைகள் உண்டு. அதன் வழியாகச் செந்நிறத் தண்ணீர் சொட்டி மேடையின் கல்லைக் கறையாக்குகிறது என்று அவற்றை சிமென்ட் வைத்து அடைத்தான். குப்பை போடுகிறார்கள் என்று மேல்மூடிகளையெல்லாம் வெல்டிங் வைத்து மூடினான். மழைத் தண்ணீர் ஏற்கனவே உள்ளே தேங்கியிருந்தது. அதோடு சேர்த்து மூடிவிட்டான். உள்ளே இரும்பு அழுகிவிடும் என்று நான் எடுத்துச் சொன்னேன்.

"உள்ள யாரு அத்தான் பாக்கப்போறா? வெளிய பளபளன்னு இருந்தா போதாதா?" என்றான்.

இந்த ஊரின் வேதம் அதுதான், அவன் வாயால் வந்தது அவ்வளவே. மேலதிகாரியிடம் போனேன். யாராவது புகார் கொடுத்திருக்கிறார்களா என்று கேட்டார். இல்லை என்றேன். அப்புறம் என்ன, வண்டியே வந்து சொல்லட்டும் என்று சிரித்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

இங்கே வருவதற்கு முன்னால் நான் கப்பல் பழுதுபார்க்கும் தளம் ஒன்றில் வேலை பார்த்தேன். அங்கே முதலில் சொல்லித் தருவது ஒன்றுதான்: மூடிக் கிடந்த இரும்பு அறைக்குள் அப்படியே இறங்காதே. ஈர இரும்பு துருப்பிடிக்கும்போது காற்றில் இருக்கும் பிராணவாயுவைத் தின்றுவிடும். மிச்சம் இருப்பதும் பார்க்கக் காற்று மாதிரிதான் இருக்கும். இறங்குகிறவனுக்கு மூச்சு முட்டாது, தொண்டை எரியாது, ஒன்றுமே தெரியாது. இரண்டு மூச்சு இழுப்பான், முழங்கால் மடங்கும். மேலே இருப்பவன், கால் வழுக்கிவிட்டது போல என்று நினைத்துத் தூக்க இறங்குவான். அப்புறம் இரண்டு பேரையும் எடுக்க வேண்டியிருக்கும். அதனால் நாங்கள் முதலில் ஒரு சுடரை இறக்கிப் பார்ப்போம். அணைந்தால் காற்றாடிக் குழாயை விட்டு நல்ல காற்று ஊதுவோம். பெரிய வித்தை எதுவும் இல்லை.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மச்சினன் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தான். சதுக்கத்தை அழகுபடுத்த நகராட்சி ஒப்புதல் கொடுத்துவிட்டது என்றான். வண்டியின் இடது பக்கத்தை ஜன்னல் மாதிரி வெட்டி எடுத்துவிட்டு உள்ளே ஐஸ்கிரீம் கடை. மேலிருந்து குழந்தைகள் சறுக்கி இறங்க ஒரு பலகை. கடையும் அவனுக்குத்தான். இடது பக்கம்தான் வேண்டுமா என்று கேட்டேன். அந்தப் பக்கம்தான் ரயில் நிலையத்திலிருந்து கூட்டம் வரும் என்றான்.

"எதிரியால போட முடியாத ஓட்டைய நாம போடுறோம் அத்தான்" என்றான்.

எல்லோரும் சிரித்தார்கள். என் மனைவிக்குப் புரையேறும் அளவுக்குச் சிரிப்பு. நானும் சிரித்தேன், அவன் தட்டில் இன்னும் கொஞ்சம் சோறு வைத்தேன். அந்த நிமிடமே முடிவு செய்தேன் என்று நீங்கள் எழுதிக்கொள்ள விரும்புவீர்கள். அப்படி இல்லை. மறுநாள் காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தபோதுதான், வெட்டுவதற்கு முன்னால் உள்ளே இறங்கிப் பார்ப்பது நல்லது என்று யாராவது அவனிடம் சொல்ல வேண்டுமே என்று தோன்றியது.

சொன்னேன். அந்தப் பக்கம் உள்ளே எண்ணெய்க் குழாய்கள் ஓடுகின்றன, கேஸ் கட்டரின் தீ பட்டால் பற்றிக்கொள்ளும், அதனால் முதலில் ஆள் இறங்கி, முன்னால் கீழே ஓட்டுநர் இருக்கை வரை போய்ப் பார்த்துவிட வேண்டும் என்றேன். இது நியாயமான யோசனைதான், எந்தப் பொறியாளரிடமும் கேட்டுப் பாருங்கள். நான் இறங்குகிறேனா என்று கேட்டான். முழங்கால் வலி என்றேன். அப்புறம் அவனே, போர் வண்டிக்குள் உட்கார்ந்து ஒரு படம் எடுத்துப் போட்டால் கடைக்கு விளம்பரமாக இருக்கும் என்று உற்சாகமாகிவிட்டான். அவனைத் தள்ள வேண்டிய வேலையே எனக்கு இருக்கவில்லை.

சம்பவம் நடந்த அன்று காலை, மச்சினன் கூட்டி வந்த வெல்டர் கிரைண்டரால் மேல்மூடியின் வெல்டிங் ஒட்டை அறுத்து முடித்தான். மூடியைத் திறக்காமலே அவனும் மச்சினனும் டீ குடிக்கப் போனார்கள். நான் வண்டி மேல் ஏறி, மூடியைக் கொஞ்சம் தூக்கி, ஒரு மெழுகுவர்த்தியைக் கம்பியில் கட்டி இறக்கினேன். என் கைக்கெட்டும் ஆழம்கூடப் போகவில்லை, அணைந்துவிட்டது. மறுபடி பற்றவைத்து இறக்கினேன். மறுபடியும் அணைந்தது. மூடியைப் பழையபடி வைத்துவிட்டு இறங்கி வந்து கையைத் துடைத்துக்கொண்டேன். நேற்றிலிருந்து நீங்கள் சுற்றி வளைத்துக் கேட்டுக்கொண்டிருப்பது இதைத்தான் என்று நினைக்கிறேன். ஆமாம், எனக்குத் தெரியும்.

டீ குடித்துவிட்டு மச்சினன் படத்துக்காகப் புதுச் சட்டையை மாட்டிக்கொண்டு வந்தான். மூடியைத் திறந்ததும் மூக்கைச் சுளித்து, துரு நாற்றம் என்றான். செல்போனை வெல்டரிடம் கொடுத்து, மேலே இருந்தே படம் எடுக்கச் சொல்லிவிட்டு இறங்கினான். மூடிக்கு நேர் கீழே இருக்கும் மேற்கூண்டைத் தாண்டி, குனிந்து, முன்பக்கம் இருக்கை வரை போயும்விட்டான். எதையும் முழுதாகச் செய்யாதவன் அதை மட்டும் முழுதாகச் செய்தான். வெல்டர் இரண்டு தடவை "அண்ணே" என்று கூப்பிட்டான். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தான்.

"வழுக்கிட்டாரு போல சார். நான் எறங்கிப் பாக்குறேன்."

நான் கீழே தரையில், வண்டியின் நிழலில் நின்றிருந்தேன். இந்த இடத்தில் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், இல்லையென்று சொல்லவில்லை. இறங்காதே என்றால் ஏன் என்று கேட்பான். ஏன் என்று சொன்னால், அது முன்பே எனக்கு எப்படித் தெரியும் என்ற கேள்வி வரும். வெல்டர் மேல் எனக்கு எந்தக் கோபமும் கிடையாது. ஒட்டை அறுத்தபோதுகூட மூடியில் ஒரு கீறல் விழாமல் அறுத்தவன். நல்ல வேலைக்காரன். செல்போனைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு இறங்கினான்.

கூட்டம் சேர்ந்தது. மூடியைச் சுற்றி எட்டிப் பார்த்தவர்கள் பாதிப் பேர் படம் எடுத்தார்கள். யாரோ தீயணைப்பு நிலையத்துக்குச் சொன்னார்கள், அது நானில்லை. அவர்கள் வந்து சேர்ந்தபோதுதான் உள்ளேயிருந்து தட்டுகிற சத்தம் கேட்டது. வெல்டர் மேற்கூண்டிலேயே, திறந்த மூடிக்கு நேர் கீழே விழுந்திருக்கிறான். கொஞ்சம் நல்ல காற்று அங்கே இறங்கியிருக்க வேண்டும். ஏதோ இரும்பால் இடது பக்கத் தகட்டைத் தட்டிக்கொண்டிருந்தான்.

தீயணைப்பு அதிகாரி நல்ல சுறுசுறுப்பான ஆள். முதுகில் காற்று உருளையோடு ஒருவனை இறக்கிப் பார்த்தார். உருளை அந்த வாய்க்குள் நுழையவில்லை. உடனே சத்தம் வந்த பக்கத்தைக் காட்டி, கட்டரைக் கொண்டுவரச் சொன்னார். அவருடைய கை நேராக அந்தத் தடத்தின் மேல் இருந்தது. வண்டிக்குப் பொறுப்பானவன் என்பதால் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டார்.

"வெட்டாதீங்க. உள்ள பழைய குண்டு இருக்கலாம்" என்றேன்.

வண்டி இங்கே வந்த அன்றே ராணுவத்தார் குண்டுகளையெல்லாம் என் கண் முன்னால் இறக்கி, எண்ணி, எடுத்துப் போய்விட்டார்கள். அதிகாரி என்னை நம்பினார். கற்றவன் சொன்னால் நம்புவார்கள், அந்த வழக்கம் இன்னும் போகவில்லை. தன் ஆட்களை வண்டி மேலிருந்து கீழே வரச் சொல்லிவிட்டு, கூட்டத்தைச் சாலைக்கு அந்தப் பக்கம் தள்ளி, கயிறு கட்டினார். வெடிகுண்டு நிபுணர்கள் வரும் வரை வண்டியின் அருகில் யாரும் போகக் கூடாது என்றார். அவர்களுடைய வண்டியில் காற்றாடிக் குழாய் இருந்தது. அதை மூடி வழியாக இறக்கிக் காற்று ஊதியிருந்தால் தகட்டைத் தொடவே வேண்டியிருந்திருக்காது. அதையும் நான் பார்த்தேன். ஆனால் அதைச் சொல்ல முதலில் குண்டு இல்லை என்று சொல்ல வேண்டும், பேச்சை மாற்றிப் பேசுவது என் பழக்கமில்லை.

கயிற்றின் அருகே என் மனைவி வந்து சேர்ந்தாள். செருப்புகூடப் போடவில்லை. தட்டுகிற சத்தம் அங்கே வரை கேட்டது. என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அவன்தாங்க தட்டுறான். உயிரோட இருக்கான். ஏதாவது பண்ணுங்க" என்றாள்.

தட்டுவது அவன் இல்லை என்று எனக்குத் தெரியும். அவன் முன்பக்கம் கீழே போயிருந்தான், அங்கே தட்டுவதற்கு வழியில்லை. அதை அப்போது சொல்லி என்ன ஆகப்போகிறது. அவள் கையைத் தட்டிக்கொடுத்தேன். ஒவ்வொரு சத்தத்துக்கும் அவள் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தாள். கொஞ்ச நேரமாவது அவளுக்கு நிம்மதியாக இருக்கட்டும் என்றுதான் விட்டேன். இதை நான் அவளுக்குச் செய்த உதவியாகவே நினைக்கிறேன். அவள் அப்படி நினைக்கவில்லை போலிருக்கிறது. உங்களிடம் வந்து என் மேல் புகார் சொன்னவள் அவள்தானே.

சதுக்கத்துக்கு இப்போது கம்பி வேலி போட்டிருக்கிறார்கள். வண்டிக்குக் கூரை வருகிறது, காவலாள் போட்டாயிற்று, ஓட்டைகளின் சிமென்ட்டை உடைத்துவிட்டார்கள். கிளிப்பச்சையைச் சுரண்டி, பிரைமர் அடித்து, பழைய நிறம் பூசப்போகிறார்கள். ஐஸ்கிரீம் பற்றி யாரும் வாயைத் திறப்பதில்லை. வாயால் சொன்னபோது ஒருவரும் காதில் போட்டுக்கொள்ளாத ஊர் இது. இரண்டு பிணம் விழுந்ததும் பொறுப்பு பொத்துக்கொண்டு வருகிறது. இதற்கெல்லாம் என்னைக் குற்றம் சொல்கிறீர்கள், சொல்லுங்கள்.

நீங்கள் படித்துக் காட்டிய வாக்குமூலத்தில் ஒரே ஒரு திருத்தம். தீயணைப்பு அதிகாரியிடம் நான் இரண்டு முறை பொய் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். குண்டு என்றது பொய், ஒப்புக்கொள்கிறேன். நிபுணர்கள் வந்து பார்த்து ஒன்றும் இல்லை என்று சொன்ன பிறகு அவர் மறுபடியும் கட்டரைத் தூக்கினார். இனிமேல் வெட்ட வேண்டியதில்லை, மேல் வழியாகவே கயிறு போட்டு எடுத்துவிடலாம் என்றேன். அதற்கு முன்பே தட்டுகிற சத்தம் நின்றிருந்தது. நின்று நிதானமாகக் கேட்டு, உறுதி செய்துகொண்டுதான் சொன்னேன். அதைப் பொய்யில் சேர்க்காதீர்கள்.