வீட்டுக்கு ஒரே அக்கவுண்ட்

— ஷட்டரப் பாதி இறக்குடா. யாராவது வந்துடப் போறாங்க.

— அக்கா, இது லேப்டாப் ரிப்பேர் கடை. யாராவது வரணும்னுதான் திறந்தே வச்சிருக்கேன்.

— வாய் பேசாத. இந்த லேப்டாப்புல நான் நெட்ல தேடினதெல்லாம் இருக்கு. ஒண்ணு விடாம அழிக்கணும். உங்க மாமா கண்ணுல பட்டுடக் கூடாது.

— சரி, குடு. அந்த ஸ்க்ரூவத் தள்ளாத, ஒரு கஸ்டமரோட உயிரே அதுலதான் இருக்கு. இவ்ளோ நாளா எப்படி மறைச்ச?

— தேடி முடிச்சதும் ப்ளக்கப் பிடுங்கிடுவேன்.

— ப்ளக்கையா?

— கரண்ட் போனா எல்லாம் போயிடும்னு நெனச்சேன். சிரிக்காதடா, பல்லத் தட்டிடுவேன்.

— சிரிக்கல தாயே, இருமல். உள்ள பேட்டரின்னு ஒண்ணு இருக்கு. அது சரி, இன்னிக்கு என்ன திடீர் அவசரம்?

— நேத்து டிவில பாட்டு ஓடிட்டு இருந்துச்சு. நடுவுல 'ஒரு ரூம் வீடு வாடகைக்கு'ன்னு விளம்பரம். ஒண்ணு இல்ல, வரிசையா மூணு. அவர் பக்கத்துலயே உக்காந்திருந்தார்.

— என்ன சொன்னார்?

— ரிமோட்ட எடுத்து சத்தத்தக் குறைச்சார்.

— அந்த டிவில யாரு அக்கவுண்ட்?

— அவரோடதுதான். போன், லேப்டாப், டிவி, எல்லாத்துக்கும் ஒண்ணே. கல்யாணமான புதுசுல அவர் போட்டுக் குடுத்தது. 'ஒரு வீட்டுக்கு ஒண்ணு போதும்'னார். அந்த வருஷம் அவர் பேசினதுலயே நீளமான பேச்சு அதுதான்.

— போச்சு.

— என்ன போச்சு? சுருக்கா சொல்லு.

— நீ இதுல தேடினா அவர் போன்லயும் இருக்கும். அவர் தேடினா இதுல இருக்கும். ரெண்டு பேரும் ஒரே நோட்டுல எழுதிட்டு இருக்கீங்க.

— அவர் அதையெல்லாம் திறந்து பாக்கற ஆள் இல்ல. செய்தி பாப்பார், மழை வருமான்னு பாப்பார். முடிஞ்சுது.

— வாடகை வீடு யாருக்குக்கா?

— எனக்குத்தான். கிடைச்சிருச்சு. திங்கக்கிழமை சாவி தர்றாங்க.

— அடிக்கிறாரா? சொல்லு, இப்பவே போய்...

— நீ போய் ஒண்ணும் கிழிக்க வேணாம். அடிக்கல, திட்டல. பதினோரு வருஷமா பால் தீர்ந்தாக்கூட துண்டுச்சீட்டுல எழுதி ஃப்ரிட்ஜ்ல ஒட்டறார். நான் செத்தாலும் ஒட்டுவார், 'மனைவி இல்லை'ன்னு.

— நேரா சொல்லிட்டே போயேன். மனுஷன் தடுக்கவா போறார்?

— தடுக்க மாட்டார்டா. 'சரி'ம்பார். அந்த ஒரு வார்த்தையக் கேட்டுட்டு என்னால படி இறங்க முடியாது. அவர் வேலைக்குப் போனதும் கிளம்பிடலாம்னு இருக்கேன். அதுக்குள்ள தெரிஞ்சிடுமோன்னு பயமா இருக்கு, அவ்ளோதான். அழி.

— இரு, திறந்திருச்சு. மொத்தமா அழிச்சா அவர் தேடினதும் சேர்ந்து போயிடும். துடைச்சு வச்ச மாதிரி இருந்தா அதுவே காட்டிக் குடுத்துடும். உன்னோடத மட்டும் ஒண்ணொண்ணா எடுக்கறேன். நீ ஆமா, இல்லன்னு சொன்னாப் போதும்.

— ம்.

— 'பெண்கள் தனியாகத் தங்க வீடு.'

— ஆமா.

— 'நூலகத் தெரு மாடி வீடு, உடனே குடியேறலாம்.'

— ஆமா. அதான் எடுத்திருக்கேன். அழி.

— 'வாஷிங் மெஷினில் எந்த பட்டனை முதலில் அமுக்க வேண்டும்.'

— அது நான் இல்ல. இத்தன வருஷமா நான்தானே அமுக்கறேன்.

— 'ஒரு ஆளுக்கு மட்டும் சோறு வைக்க எவ்வளவு அரிசி.'

— தேதி என்ன போட்டிருக்கு?

— போன மாசம் எட்டு. நீ முத முதல்ல வீடு தேடினது ஏழு.

— சரி விடு. ஒண்ணொண்ணா வேணாம். மொத்தமா அழிச்சிடு.

— இன்னும் ஒண்ணு இருக்குக்கா. இன்னிக்குக் காலைல தேடினது, அவர் போன்லேர்ந்து.

— படிக்காத.

— சரி, படிக்கல.

— படிடா.

— 'நூலகத் தெரு, தனியாக இருக்கும் பெண்ணுக்குப் பாதுகாப்பான இடமா?'