குதிரை ஏன் சேற்றில் இறங்கியது

மனிதகுல வரலாறு என்பது வேறொன்றுமில்லை. இருக்கும் இடத்திலிருந்து போக வேண்டிய இடத்துக்கு எப்படிப் போவது என்ற ஒரே கேள்விக்கு மனிதன் தேடிய விடைதான். அந்த விடையை எழுதும் பொறுப்பு இந்த நிறுவனத்தில் என்னிடம் இருந்தது. மூன்றாவது மாடியில், கழிப்பறைக் கதவுக்கு எதிர்மேசையில் உட்கார்ந்து அதை எழுதினேன்.

விசாரணைக் குழுவில் இருக்கும் நீங்கள் மூவரும் நம் விளையாட்டை ஆடியதில்லை என்பது முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது. அதனால் முதலிலிருந்து சொல்கிறேன். அது முறை வைத்து ஆடும் போர் விளையாட்டு. நீங்கள் ஒரு முறை உங்கள் படைகளை நகர்த்துவீர்கள், அடுத்து எதிரி நகர்த்துவான். நாடு பெரிதாகப் பெரிதாகப் படைகளும் பெருகும். ஒவ்வொன்றையும் கட்டம் கட்டமாகத் தள்ளிக்கொண்டிருந்தால் பொழுது விடிந்துவிடும். அதற்காகத்தான் ‘தானாகப் போ’ என்று ஒரு பொத்தான். தூரத்தில் ஓர் இடத்தைத் தொட்டுக் காட்டிவிட்டால் போதும், படை முறைக்குமுறை தானே நடந்து போய்ச் சேரும்.

அதை எழுதியபோது ஒரு பிழை செய்தேன். தூரத்தை மட்டும் கணக்குப் பார்த்தேன், தரையைப் பார்க்கவில்லை. அதனால் பக்கத்தில் நல்ல சாலை இருந்தாலும் குதிரைப்படை குறுக்கே சதுப்பில் இறங்கிவிடும். அங்கே பாதிப் பேர் காய்ச்சலில் போவார்கள். இது அறியாமல் செய்தது. இதற்கு நீங்கள் என்னை மன்னிக்கலாம்.

அந்தச் சமயத்தில்தான் நம் நிர்வாக இயக்குநர் ‘வாடிக்கையாளரின் வலியே நம் வழி’ என்ற முழக்கத்தைக் கண்டுபிடித்தார். சுவரொட்டி அடித்த அச்சகத்தில் வலிக்கும் வழிக்கும் ஒரே எழுத்தைப் போட்டுவிட்டார்கள். ஒட்டியவர்களும் கவனிக்கவில்லை, பாராட்டியவர்களும் கவனிக்கவில்லை. அந்த முழக்கத்தின்படி, நிரல் எழுதுகிறவர்கள் வாரம் ஒருவராக வெள்ளிக்கிழமைகளில் புகார்த் தொலைபேசியில் உட்கார வேண்டும். மற்றவர்களுக்கெல்லாம் வெள்ளிக்கிழமை குடும்பம் இருந்தது. அதனால் எல்லா வாரமும் நானே உட்கார்ந்தேன். எனக்கு ஓர் அண்ணன் இருக்கிறார். அவர் கூப்பிட்டால் அவர் வீட்டு இன்டர்நெட் போய்விட்டது என்று அர்த்தம்.

தொலைபேசிக்குப் பக்கத்தில் ஓர் அட்டை. அதில் இருப்பதைத்தான் பேசலாம். பெயர் சொல்லக் கூடாது, சொந்தக் கதை கூடாது. ‘உங்கள் குறை பதிவு செய்யப்பட்டது.’ ‘மேலும் சொல்லுங்கள்.’ ‘வேறு ஏதேனும் உண்டா?’ இவ்வளவுதான்.

டீச்சர் அப்படித்தான் அறிமுகமானார். ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. எடுத்த எடுப்பிலேயே, “தம்பி, குதிரைக்கு மூளை இல்லைன்னா சரி. மேல உட்கார்ந்திருக்கறவனுக்குமா இல்லை?” என்றார்.

“மேலும் சொல்லுங்கள்” என்றேன்.

“கல்லு உடைச்சு ரோடு போட்டு வெச்சிருக்கேன். அதை விட்டுட்டு சேத்துல எறங்குது. எங்க வீட்டுக்காரரும் இப்படித்தான். குறுக்கு வழி குறுக்கு வழின்னு கூட்டிட்டுப் போவார், கல்யாண வீட்டுல இலை எடுத்தப்புறம் போய்ச் சேருவோம். அவரை ஒண்ணும் சொல்ல முடியலை. போய்ச் சேர்ந்துட்டார். உங்களையாவது சொல்லிக்கறேன்.”

“வேறு ஏதேனும் உண்டா?”

இருந்தது. கீழ்வீட்டுக்காரர் தண்ணீர்த் தொட்டியை நிரப்ப விடுவதில்லை. வெளியூரில் இருக்கும் மகள் தன்னோடு வந்துவிடச் சொல்கிறாள். அங்கே போனால் பேரன்கள் கம்ப்யூட்டரைத் தர மாட்டார்கள். அன்றிலிருந்து வெள்ளிதோறும் கூப்பிட்டார். குதிரையில் தொடங்கித் தொட்டியில் முடிப்பார். நான் வியாழன் இரவே சட்டையை இஸ்திரி போட்டு வைக்க ஆரம்பித்தேன். தொலைபேசிக்கு எதற்கு இஸ்திரி என்று கேட்பீர்கள். எனக்கு வேறு சந்தர்ப்பம் இல்லை.

பிழையைத் திருத்த ஒரு வரி போதும். அந்த வரியை முதல் வாரமே எழுதிவிட்டேன். சேர்க்கவில்லை. குறை தீர்ந்தால் அவர் எதற்காகக் கூப்பிடுவார்? நிதானமாக யோசித்துப் பாருங்கள், நீங்களும் அதையே செய்திருப்பீர்கள்.

பிறகு ஒருநாள், “கண்ணுல அழுத்தமாம் தம்பி. ஆபரேஷன் பண்ணணுமாம். அப்புறம் கொஞ்ச நாளைக்குத் திரையே பாக்கக் கூடாதாம். இந்த ஆட்டத்தை முடிச்சுட்டு வரேன்னு டாக்டர்கிட்ட சொல்லிட்டேன். படையைப் பாதியில விட்டுட்டுப் போறவளா நான்?” என்றார்.

உங்கள் குறை பதிவு செய்யப்பட்டது என்றேன்.

அப்போதுதான் அலுவலகத்தில் ஒரு பெண் சேர்ந்தார். எல்லோரும் ‘புதுசு’ என்று கூப்பிடுவோம். வந்த வாரமே, யாரும் கேட்காமல், சேற்றைக் கண்டுபிடித்துத் திருத்திவிட்டார். “அண்ணா, ஒரே ஒரு வரிதான் விட்டுப்போயிருந்துச்சு. இவ்ளோ நாளா யாருமே பாக்கலையா?” என்று என்னிடமே வந்து சிரித்தார். நல்ல பெண்.

அந்த வெள்ளிக்கிழமை டீச்சர் கூப்பிட்டார். “இன்னிக்குக் குறை ஒண்ணும் இல்லை தம்பி. குதிரை ராஜா மாதிரி ரோட்டுல போகுது. இன்னும் ரெண்டு கோட்டை. முடிஞ்சதும் கண்ணுக்குப் படுத்துடுவேன். நல்லா இருங்க.” வைத்துவிட்டார். மீதி நாள் முழுக்க நான் தொலைபேசி முன்னால் இஸ்திரி சட்டையோடு உட்கார்ந்திருந்தேன்.

அடுத்த வாரம், புதுசு கணினியைத் திறந்து வைத்துவிட்டுச் சாப்பிடப் போனபோது, அவர் பெயரிலேயே சேற்றைத் திரும்பக் கொண்டுவந்தேன். கூடவே ஒரு சின்னச் சேர்க்கை: தானாகப் போகும் படை கோட்டையை நெருங்கியதும் வீட்டுக்குத் திரும்பிவிடும். பிழையென்று சொல்ல மாட்டேன். வீட்டு நினைப்பு எல்லோருக்கும் வருவதுதானே. வியாழன் இரவு இந்த மாற்றம் எல்லோருடைய கணினிக்கும் போய்ச் சேர்ந்தது.

வெள்ளிக்கிழமை அவர் பேசியதுதான் எல்லாவற்றிலும் நீளமான அழைப்பு.

“பாதிப் பேரைச் சேறு முழுங்கிடுச்சு. மீதி கோட்டை வாசல்ல நின்னு திரும்பி வருது. இனி உங்க பொத்தானையே தொட மாட்டேன். ஒவ்வொருத்தனையா நானே கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போறேன்.”

அப்படியே செய்தார். பொத்தான் ஒழுங்காக இருந்திருந்தால் ஓரிரு வாரத்தில் முடிந்திருக்க வேண்டிய ஆட்டம் மாதக்கணக்கில் இழுத்தது. காலையில் உட்கார்ந்தால் விளக்கு வைக்கும்வரை திரையைப் பார்த்தபடியே இருப்பதாகச் சொன்னார். ஒரு பக்கம் மங்கலாகத் தெரிகிறது என்றார். பிறகு, திரையை மூக்குக்கிட்ட நகர்த்தி வைத்துக்கொண்டதாகச் சொன்னார். “ஓரத்துல நிக்கறவன் நம்ம ஆளா எதிரியான்னு தெரியலை தம்பி. ஆபரேஷனுக்குப் போயிட்டு வந்து ஆடட்டுமா? நீங்களே சொல்லுங்க.”

அட்டையைப் பார்த்தேன். அதில் உடல்நலத்துக்கு வாக்கியம் இல்லை. மேலும் சொல்லுங்கள் என்றேன். அவர் சொன்னார். இதில் நான் விதியை மீறவில்லை என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

புதுசை நீங்கள் வேலையைவிட்டு அனுப்பினீர்கள். ஜன்னலோரத்தில் இருந்த அவர் மேசையை எனக்குக் கொடுத்தீர்கள். நான் கேட்கவில்லை. போகும்போது அவர் என்னிடம் மட்டும், “நான் பண்ணலைண்ணா” என்றார். நம்புகிறேன் என்றேன். அதுவும் உண்மைதான்.

இப்போது நீங்கள் சேற்றைப் பற்றி மட்டும் கேட்கிறீர்கள். மற்றதையும் நானாகவே சொல்லிவிடுகிறேன். நான்தான் செய்தேன், தெரிந்தே செய்தேன். அந்த ஆட்டம் முடிந்துவிடக் கூடாது என்பதற்காகச் செய்தேன். ஆனால் ஒன்று. அந்த வீட்டில் அவருக்குப் பேச்சுத்துணை நான் ஒருவன்தான். மகளுக்குக்கூடச் சொல்லாததை என்னிடம் சொன்னார். அவரை நான் தனியாக விட்டதில்லை.

போன வெள்ளிக்கிழமை டீச்சர் கூப்பிடவில்லை. மகள் கூப்பிட்டார். இடது கண் முழுக்கப் போய்விட்டதாம், இன்னொன்றில் வெளிச்சம் மட்டும் தெரிகிறதாம். சில மாதம் முன்னால் வந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்றாராம் டாக்டர். அம்மாவைக் கூட்டிக்கொண்டு போகிறாராம். விளையாட்டுக் கணக்கை மூட வேண்டுமாம்.

உங்கள் குறை பதிவு செய்யப்பட்டது என்றேன். வேறு ஏதேனும் உண்டா என்றும் கேட்டேன்.

“அம்மா சொல்லித்தான் அனுப்பினாங்க,” என்றார் மகள். “அங்க மெஷின்தான் எடுக்கும், ஆனா நல்ல மெஷின், என்ன சொன்னாலும் நடுவுல பேசாம கேக்கும்னு. மனுஷங்ககிட்ட சொல்ல முடியாததெல்லாம் அதுகிட்டதான் சொல்லுவாங்களாம். அதெல்லாம் சரி, இப்ப எனக்கு ஆள்கிட்ட பேசணும். எந்த நம்பரை அழுத்தணும்?”

ஒன்றை அழுத்துங்கள் என்றேன்.

அழுத்தினார். என் காதில் பீப் என்றது. நான் தொண்டையைச் செருமி, குரலைக் கொஞ்சம் மாற்றிக்கொண்டு, வணக்கம் சொன்னேன்.