ஆள இதெ

பழைய தகரப் பொம்மை வாங்கும்போது எல்லாரும் முகத்தைத்தான் பார்க்கிறார்கள். அது தப்பு. சாவி போகும் ஓட்டையைப் பார்க்க வேண்டும். ஓட்டையைச் சுற்றி வர்ணம் தேய்ந்திருந்தால் ஏதோ ஒரு பிள்ளை அதை ஆசை தீர முறுக்கியிருக்கிறது என்று அர்த்தம். அந்த மாதிரிப் பொம்மையை நான் கையால் தொடுவதில்லை. தகரத்துக்கு எதிரி துரு என்பார்கள். துருவுக்காவது எண்ணெய் இருக்கிறது ஐயா, குழந்தைகளுக்கு என்ன இருக்கிறது?

வந்ததிலிருந்து நீங்கள் அந்தக் கண்ணாடி அலமாரியையே பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். நாற்காலியில் ஒருவர் சாய்ந்திருக்க இன்னொருவர் கத்தியோடு குனிந்து சவரம் செய்கிறாரே, அதுதான் நீங்கள் தேடி வந்தது. ஜெபராஜோடு ஆற்றில் போய்விட்டது என்று முதல் விசாரணையில் நான் சொன்ன பொம்மை. பெட்டியில் பூட்டி வைத்திருக்கலாம். மனசு கேட்கவில்லை. பார்ப்பதற்கு இல்லாவிட்டால் பொம்மை எதற்கு?

நீங்கள் கேட்டது ஒரே ஒரு கேள்வி. திருநெல்வேலிச் சீமைக்காரரான ஜெபராஜிடம் ஏன் கன்னடத்தில் கத்தினீர் என்று. முன்பு வந்த சப்-இன்ஸ்பெக்டர் இதைக் கேட்கவேயில்லை. அவர் பிறந்தது ஓசூர். இங்கே வீட்டில் தெலுங்கு, சந்தையில் கன்னடம், தாலுகா கச்சேரியில் தமிழ்; எது எப்போது வாயில் வருகிறது என்று யாரும் பார்ப்பதில்லை. நீங்கள் தஞ்சாவூர்ப் பக்கம், அதனால்தான் உறுத்தியிருக்கிறது. கேட்டதும் எனக்கு உங்கள் மேல் மரியாதை வந்தது. அதனால் சொல்கிறேன்.

நான் புளி வியாபாரி. கிருஷ்ணகிரி, ஊத்தங்கரைப் புளியை மூட்டை கட்டி மதராஸிலிருந்து கப்பலேற்றுகிறேன். வருஷத்துக்கு ஒரு தடவை நானும் சிங்கப்பூர் போய்க் கடைக்காரர்களைப் பார்த்துவிட்டு வருவேன். போகிறவர்கள் எல்லாம் சோப்பும் தைலமும் சட்டைத்துணியும் வாங்கி வருவார்கள். நான் சுங்கை ரோட்டுக்குப் போவேன். கால்வாய் ஓரத்தில் கோணிச் சாக்கை விரித்துப் பழைய சாமான் விற்கும் சந்தை. திருட்டுச் சந்தை என்று பெயர். பட்டாளத்து பூட்ஸ், முள் இல்லாத கடிகாரம், யாரோ கழற்றி வைத்த பல்செட்டு எல்லாம் கிடைக்கும். யுத்தத்தில் ஜப்பான்காரன் வந்தபோது வெள்ளைக்காரக் குடும்பங்கள் போட்டது போட்டபடி ஓடின. அவர்கள் வீட்டுப் பொம்மைகள் கை மாறிக் கை மாறி அங்கே வந்து சேரும். அவை அழகாக இருந்ததற்குக் காரணம் உண்டு. விளையாட வேண்டிய பிள்ளை பாதியில் போய்விட்டது. பொம்மை பிழைத்துக்கொண்டது.

அங்கே வாங்குவதற்கு ஒரு முறை இருக்கிறது. பொம்மையை நேராகப் பார்க்கக் கூடாது. பக்கத்தில் இருக்கும் கெண்டியை எடுத்துத் தட்டிப் பார்க்க வேண்டும், விளக்கை விலை கேட்க வேண்டும். போகிற போக்கில்தான் பொம்மையைத் தொட வேண்டும். எனக்குச் சீனமும் வராது, மலாயும் வராது. அதனால் நான் புளி போடும் கடையில் கணக்குப்பிள்ளையாக இருந்த ஜெபராஜைத் துணைக்கு அழைத்துப் போவேன். நாசரேத்துக்காரர். நல்ல மனுஷர் என்று நானே சொல்கிறேன். கூட்டத்தில் எனக்கு வெயில் படாமல் குடை பிடிப்பார்.

அந்தச் சவரக்காரரை நான் அங்கேதான் பார்த்தேன். ஜெர்மனியில் செய்தது, முதல் யுத்தத்துக்கும் முன்னால். சாவி ஓட்டையில் ஒரு கீறல் இல்லை. ஆசை தெரியாமலிருக்க ஒரு கையைப் பையில் விட்டுக்கொண்டேன். விற்கிற சீனக் கிழவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பொம்மையைக் கீழே வைத்தேன்.

"வேண்டாமா அண்ணாச்சி?" என்றார் ஜெபராஜ்.

"வேணாம்பா, இத்த எவன் வாங்குவான்" என்று கிழவருக்குக் கேட்கிற மாதிரி சொல்லிவிட்டு அடுத்த சாக்குக்கு நடந்தேன்.

மாட்டுச் சந்தையில் வளர்ந்தவனுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வேண்டாம் என்றால் வேண்டும் என்று அர்த்தம். நாலு எட்டு நடந்தால் விற்கிறவன் கூப்பிடுவான். நடந்தேன், கூப்பிடவில்லை. திரும்பிப் பார்த்தால் ஜெபராஜ் எதையோ காகிதத்தில் சுற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வருகிறார்.

"வேண்டாம்னுட்டியளே, எம் மவளுக்கு ஆவும்லா அண்ணாச்சி. கேட்ட வெலையக் குடுத்து வாங்கிட்டேன்" என்று சிரித்தார். நானும் சிரித்தேன்.

என் வேண்டாம் கிழவரின் காதுக்குச் சொன்னது. ஜெபராஜ் அதைத் தன் காதுக்கு என்று எடுத்துக்கொண்டார். ஒரு சொல் யாருக்காகச் சொல்லப்படுகிறது என்பதுகூடத் தெரியாதவரிடம் அந்தப் பொம்மை போய்ச் சேர்ந்தது. அதை நான் கடைசி வரை அவரிடம் சொல்லிக்காட்டவில்லை. என் குணம் அப்படி.

அடுத்த பயணத்தில் அவருக்கு ஊர் திரும்பும் ஆசை வந்திருந்தது. ஓசூரில் என் மண்டியில் வேலையும் குடியிருக்க வீடும் தருகிறேன் என்றேன். மனைவி மேரிராணியையும் மகள் அருள்செல்வியையும் நாசரேத்திலிருந்து அழைத்துக்கொண்டு வந்தார். ஊரில் என்னைத் தர்மவான் என்று பேசிக்கொண்டார்கள். நான் மறுக்கவில்லை. பொம்மை என் தெருவுக்கு வந்துவிட்டது, எனக்கு அது போதும் என்றுதான் அப்போது நினைத்தேன். சாயங்காலம் அவர் வீட்டுப் பக்கம் போவேன். அந்தக் குழந்தை சாவியை முறுக்கும் சத்தம் வாசலிலேயே கேட்கும். அளவாக முறுக்கத் தெரியாது. என் பல்லைப் பிடுங்குவது போல இருக்கும்.

கேட்டுப் பார்க்காமல் இல்லை. பொம்மைக்குப் பொம்மை மாற்றிக்கொள்ளலாம், என் அலமாரியில் எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும் என்றேன். "தூங்கும்போதும் கையில வச்சிருக்கு அண்ணாச்சி. பிடுங்கினா மனசு ஒடஞ்சி போவும்" என்றார். தகரம் உடைவதைப் பற்றி அவருக்குக் கவலை இல்லை.

இப்போது மொழிக்கு வருகிறேன். சந்தைக்குப் போய்ப் புளி பிடிக்கக் கன்னடம் வேண்டும். நான்தான் சொல்லிக் கொடுத்தேன். "இதெ" என்றால் இருக்கு. "ஹுணசெ இதெயா" என்றால் புளி இருக்கா. அதைப் பிடித்துக்கொண்டார். பாக்கித் தமிழை அப்படியே வைத்துக்கொண்டு வாலில் மட்டும் இதெ ஒட்டுவார். வண்டி இதெ, சாக்கு இதெ. மூட்டை தூக்கக் கூலிக்காரர் இருந்தால் "ஆள் இதெ" என்பார். கன்னடத்தில் மனிதர்களுக்கு இதெ போடக் கூடாது, இத்தாரெ என்று சொல்ல வேண்டும். கேட்கிற குடியானவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். நான் திருத்தவில்லை. அப்போது அதில் ஒரு திட்டமும் கிடையாது. சிரிப்பாக இருந்தது, விட்டுவிட்டேன். நீங்கள் இதை நம்ப வேண்டும்.

ஐப்பசியில் ஒரு நாள் அவர் வீட்டுக்குப் போனேன். குழந்தை அண்டாவில் தண்ணீர் நிரப்பி, சீயக்காய் போட்டு, சவரக்காரரைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தது. பிறர் முடியெல்லாம் மேலே ஒட்டியிருக்கும், அதனால் குளிக்க வேண்டும் என்று எனக்கு விளக்கம் சொன்னது. மேரிராணி சிரித்துக்கொண்டே காபி கொண்டுவந்தார். நான் குடித்தேன். பொம்மையின் காலடியில் வர்ணம் உப்பியிருந்தது, கத்தி பிடித்த கை நின்றுவிட்டது. அன்றைக்குத்தான் முடிவு செய்தேன். கோபத்தில் இல்லை. நெருப்புப் பிடித்த வீட்டிலிருந்து ஒரு பொருளை வெளியே எடுப்பவனுக்குக் கோபம் எதற்கு?

கெலவரப்பள்ளியில் ஆற்றுக்கு அக்கரையில் கடிகாரம் ரிப்பேர் செய்கிற ஒருவர் இருக்கிறார், கொடுங்கள், சரி செய்து தருகிறேன் என்றேன். அப்படி ஒருவர் இல்லை. ஜெபராஜ் என்னிடம் கொடுத்தனுப்பியிருந்தால் கதை அதோடு முடிந்திருக்கும். தொலைந்துவிட்டது என்று சொல்லியிருப்பேன், குழந்தை கொஞ்சம் அழுதிருக்கும். ஆனால் குழந்தை, நீயே எடுத்துப் போய் நீயே கொண்டுவர வேண்டும் என்று அப்பாவிடம் சத்தியம் வாங்கிக்கொண்டது. அவரை ஆற்றுக்குக் கூட்டிப் போனது அந்தச் சத்தியம்தான்.

தென்பெண்ணையில் அப்போது தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. மழைக்காலத்தில் அங்கே ஆஞ்சப்பன் என்று ஒருவர் இடுப்பளவு தண்ணீரில் நின்று, வருகிறவர்களைக் கைபிடித்துக் கடத்தி விடுவார். துறை வருஷா வருஷம் மாறும். ஆஞ்சப்பன் எங்கே நிற்கிறாரோ அதுதான் துறை. எங்கள் ஊரில் யாரும் தண்ணீரைப் பார்க்க மாட்டார்கள், ஆளைத்தான் பார்ப்பார்கள். ஜெபராஜ் அவர் கையைப் பிடித்து நாலைந்து தடவை கடந்திருக்கிறார். செம்மணல் தேரிக் காட்டில் பிறந்தவர், நீச்சல் தெரியாது. அன்றைக்கு ஆஞ்சப்பன் கல்யாணத்துக்காகத் தேன்கனிக்கோட்டை போயிருந்தார். எனக்குத் தெரியும், பத்திரிகை எனக்கும் வந்திருந்தது.

தண்ணீர் பட்டால் துரு ஏறிவிடும், பொம்மையை நான் முதலில் கொண்டுபோய் வைக்கிறேன், ஆஞ்சப்பன் நிற்கிற இடத்தையும் பார்த்துச் சொல்கிறேன் என்றேன். தயங்காமல் கொடுத்தார். மெழுகுத்துணியில் சுற்றித் தலைமேல் வைத்துக்கொண்டு மேல்பக்கத்து வழுக்குப் பாறை வழியாகக் கடந்தேன், அதற்குப் பழகின கால் வேண்டும். முழங்காலுக்குக் கொஞ்சம் மேல்தான் தண்ணீர். அக்கரை ஏறியதும் கீழ்ப்பக்கமாக நடந்துபோய் ஆளை மறைக்கிற நாணல் புதருக்குப் பக்கத்தில் நின்றேன். அந்த வளைவில் ஆறு ஒடுங்கும். ஒடுங்கும் இடத்தில்தான் மடு. அவரும் அந்தக் கரையிலேயே எனக்கு நேராகக் கீழ்ப்பக்கம் நடந்து வந்தார்.

"ஆளு நிக்காரா அண்ணாச்சி?" என்று சத்தமாகக் கேட்டார்.

"ஆள இதெ" என்று கத்தினேன். ஒரு தடவை இல்லை, பல தடவை. கையை ஆட்டி ஆட்டிக் கத்தினேன்.

நம் ஆழம்தான் கன்னடத்தில் ஆள. ஆள இதெ என்றால் ஆழமாக இருக்கிறது. மேட்டில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த நஞ்சம்மா கன்னடக்காரி, என்னைச் சாவுகாரு என்றுதான் கூப்பிடுவாள். "சாவுகாரு ஆள இதெ, ஆள இதென்னு தொண்டை கிழியக் கூவுனாரு சாமி, அந்த மனுசன் காதுலயே வாங்கிக்கல" என்று விசாரணையில் சொன்னாள். கேட்டதைச் சொன்னாள். அவள் அங்கே இருப்பாள் என்று எனக்குத் தெரியும், தினமும் அங்கேதான் மேய்ப்பாள். ஜெபராஜ் காதில் வாங்காமல் இல்லை. அவருக்குத் தெரிந்த கன்னடத்தில் வாங்கிக்கொண்டார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, எனக்குக் கை காட்டிவிட்டு, இறங்கினார்.

ஊரே என்னைத் தேற்றியது. எச்சரித்தும் கேட்காமல் போனால் நீங்கள் என்ன செய்வீர்கள் என்றார்கள். மேரிராணியும் அதையே சொன்னார். அவரையும் குழந்தையையும் நாசரேத்துக்கு ரயிலேற்றி விட்டவனும் நான்தான். பொம்மை எங்கே என்று குழந்தை கேட்டது. அப்பாவோடு இருக்கிறது என்றேன். அந்தப் பதிலில் திருப்தியில்லாமல் அது தாயிடம் திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறது, தாய் உங்களுக்கு மனு எழுதியிருக்கிறார். சரிதான்.

என்னைத் தூக்கில் போட வேண்டுமானால் போடுங்கள். ஆனால் பொய் சொன்னவன் என்று மட்டும் எழுதாதீர்கள். ஆழம் என்று சொன்னேன், ஆழமாகத்தான் இருந்தது.

நஞ்சம்மாவுக்குக் கேட்காதது ஒன்று உண்டு. மார்பளவு வந்ததும் ஜெபராஜ் நின்றுவிட்டார். கத்திப் பேச வேண்டிய தூரம் இல்லை. கைகளை நீட்டி வைத்துக்கொண்டு, அந்தக் கைகளைப் பிடிக்க வேண்டியவரைத் தேடினார். "ஆளு எங்க அண்ணாச்சி, காணோமே" என்றார். திரும்பிப் போ என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கரைக்குத் திரும்பியிருப்பார். என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போது அவருக்குப் புரிகிற மாதிரி தமிழிலேயே பேசினேன். "இன்னும் ரெண்டு எட்டு வைங்க தம்பி, ஆள் இங்கதான் நிக்கிறாரு" என்றேன்.

அதிலும் பொய் கிடையாது, எழுதிக்கொள்ளுங்கள். அங்கே நான் நின்றுகொண்டுதான் இருந்தேன்.