வெள்ளிக்கிழமைக் கடிதங்கள்

வெள்ளிக்கிழமைகளில் மட்டும் நான் துவைத்த சட்டை போடுவது வழக்கம், போலீஸ் கொமிசேர் ஐயா. அன்றுதான் எழுத்தறியாத தையலம்மாள் தன் மகனின் கடிதத்தை நான் வாசிக்கக் கேட்க வருவாள். சுத்துக்கேணியில் பதினோரு வருடமாக வாத்தியாராக இருக்கிறேன். மற்ற நாட்களில் என் வீட்டு வாசலை யாரும் மிதித்ததில்லை.

மகன் சுப்புராயனுக்குச் சைகோன் துறைமுகத்தில் வேலை. என் விலாசத்துக்கு வரும் அவன் கடிதங்கள் எப்போதும் ஒரே வரிசையில் போகும்: அம்மாவின் மூட்டுவலி, செவலைப் பசு, கரும்பு, பிறகு 'சீக்கிரம் வருகிறேன்'. ஒரு மழைக்காலத்தில் கப்பல் தபால் வரவில்லை. அவள் முகத்தைப் பார்க்கச் சகிக்காமல், வெறும் தாளைப் பிடித்துக்கொண்டு அதே வரிசையில் வாசித்தேன்.

"எம்புள்ள எதிர்ல நின்னு பேசறமாரியே கீது வாத்தியாரே" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

என்னிடம் ஒரு பிரெஞ்சு அறிவியல் நூல் உண்டு. ஒளி என்பது ஈதர் என்ற பொருளில் எழும் அலை என்றார்கள். பிறகு ஈதரே இல்லை என்றார்கள். ஆனால் ஒளியைப் பற்றிய சூத்திரங்கள் அப்படியே நின்றன. பொருள்கள் போய்விடும், அவற்றுக்கு இடையிலான உறவுதான் நிற்கும், நம்மால் அறிய முடிந்ததும் அது ஒன்றுதான் என்கிறது அந்த நூல். தனியாக இருப்பவனுக்கு அது பெரிய ஆறுதல். அதன் பிறகு சைகோனிலிருந்து வந்தவற்றை அடுப்பில் போட்டுவிட்டு, கடிதங்களை நானே எழுதினேன்.

சென்ற மாசியில் ஒரு ஞாயிறு சுப்புராயன் வில்லியனூரில் ரயிலிறங்கி, வீட்டுக்குக்கூடப் போகாமல், நன்றி சொல்ல முதலில் என்னிடம் வந்தான். நல்ல பிள்ளை.

"அம்மாவ என்னோட சைகோனுக்கே இட்டுக்கினு போயிடறேன் வாத்தியாரே. இனிமே உங்களுக்குத் தொல்ல இல்ல" என்றான்.

தொல்லை என்று சொன்னான். கை கால் கழுவத் தோட்டத்துக் கிணற்றடிக்கு அழைத்துப்போனேன். அவன் குனிந்தபோது தள்ளினேன். அவனுக்கு நீச்சல் வராது என்று அவன் அம்மா பலமுறை சொல்லிக் குறைப்பட்டிருக்கிறாள். பிறகு கிணற்றை மண் போட்டுத் தூர்த்தேன். நேற்று நீங்கள் தோண்டியது அதைத்தான்.

அவன் கொண்டுவந்த புடவையை அந்த வெள்ளிக்கிழமை அவளிடம் கொடுத்தேன். மகன் வாங்கியது என்றேன், அது பொய்யில்லை. கடிதமும் வாசித்தேன்: மூட்டுவலி, பசு, கரும்பு. அவள் சிரித்தாள். எதுவும் மாறவில்லை.

தை மாதம் வரைக்கும் கடிதங்கள் எழுதி மேசையில் வைத்திருக்கிறேன். உங்கள் எழுத்தர் அவற்றைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "ஆளு யாரா இருந்தா இன்னான்னு நீதான சொல்ற. அப்ப இத வேற வாத்தியாரு படிச்சிட்டுப் போறாரு" என்றார்.

அது முடியாது ஐயா. நான்தான் வாசிக்க வேண்டும். வெள்ளிக்கிழமை மட்டும் என்னை வீட்டுக்கு அனுப்புங்கள். சட்டை துவைத்து வைத்திருக்கிறேன்.